ஓடுபாதை முடியும் இடத்தில்

2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் வடபகுதியில் பக்கோய்மா என்ற குடியிருப்பு. அங்குள்ள வைட்மன் விமானத்தளத்திலிருந்து மேலெழுந்த ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 விமானம் எழுந்த சற்று நேரத்திலேயே வலுவிழந்தது. விமானி அதைக் கொண்டுவந்து இறக்கிய இடம், ஆஸ்போர்ன் தெரு சான் பெர்னாண்டோ சாலையைச் சந்திக்கும் இடத்தை ஒட்டிய ரயில் தண்டவாளம். முகமெல்லாம் ரத்தமாக இருக்கையில் சிக்கிக் கிடந்தவரை, அருகிலிருந்த காவல் நிலையத்திலிருந்து ஓடிவந்த காவலர்கள் கைகளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர்கள் தண்டவாளத்தை விட்டு நகர்ந்த சில நொடிகளில் மெட்ரோலிங்க் ரயில் முழு வேகத்தில் வந்து விமானத்தைத் தூளாக்கிவிட்டுப் போனது. ஒரு காவலரின் சட்டையில் இருந்த கேமரா அத்தனையையும் பதிவு செய்திருக்கிறது.

அந்தக் காட்சியை உலகம் முழுவதும் பார்த்தார்கள். காவலர்களின் துணிச்சலைப் புகழ்ந்தார்கள், புகழத்தான் வேண்டும். ஆனால் பக்கோய்மாவில் வசிப்பவர்களுக்கு அது தனியாக நிற்கும் அதிசயச் செய்தி அல்ல. 2020 நவம்பர் 12 அன்று, அதே வைட்மன் தளத்தில் இறங்க வந்த செஸ்னா 337 விமானம் குடியிருப்புத் தெருவில் விழுந்தது. மின்கம்பிகள் அறுந்தன, வீட்டு வாசலில் நின்ற கார்கள் எரிந்தன, விமானி இறந்தார். தரையில் யாரும் இறக்கவில்லை, சாவு ஒன்றோடு நின்றது. அந்த விபத்துக்குப் பின்தான் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மேற்பார்வையாளர் குழு, வைட்மன் தளத்தை மூடிவிட முடியுமா என்று ஆராயும்படி 2020 டிசம்பரில் உத்தரவிட்டது.

சிறு விமானம் ஒன்று சாலையிலோ மைதானத்திலோ இறங்கினால், ‘விமானியின் சாமர்த்தியத்தால் பெரும் விபத்து தவிர்ப்பு’ என்று செய்தி வருகிறது. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அந்தச் சாலையிலும் மைதானத்திலும் நாளைக்கும் பிள்ளைகளோடு நடக்கப் போகிறவர்களின் கேள்வி அந்தச் செய்தியில் இடம்பெறுவதில்லை. விமானியின் பக்கமும் நியாயம் இருக்கிறது, வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டும் எங்கே மோதுகின்றன என்று பார்த்தால், அது எஞ்சினில் அல்ல, ஓடுபாதை முடிந்தபின் வரும் சில நூறு அடி நிலத்தில். அந்த நிலம் யார் கையில் இருந்தது, அதில் என்ன கட்டினார்கள், அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் விஷயமே.

முதலில் விமானியின் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்போம்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது. செஸ்னா 172 போன்ற ஒரு விமானம், எஞ்சின் இல்லாமல், ஓர் அடி இறங்கும்போது ஏறத்தாழ ஒன்பது அடி முன்னோக்கிச் சறுக்கும். 1,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போகலாம். வயல்வெளி என்றால் இது தாராளம். பிரச்சினை, எழுந்த கையோடு, 300 அல்லது 500 அடியில் எஞ்சின் நிற்கும்போது. 500 அடியிலிருந்து தரைக்கு வர நாற்பது நொடி ஆகலாம். 300 அடி என்றால் இருபத்தைந்து நொடி. இதில் முதல் நான்கைந்து நொடி, நடந்ததை நம்பாமலே கழிந்துவிடும் என்பது பயிற்சியாளர்கள் எல்லோரும் சொல்கிற விஷயம்.

அந்த நேரத்தில் மனம் கேட்பது ஒன்றைத்தான்: திரும்பிப் போய் ஓடுபாதையிலேயே இறங்கிவிடலாம். விமானிகள் இதற்கு ‘முடியாத திருப்பம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நேர் எதிர்த்திசைக்கு, அதாவது 180 பாகை திரும்பினால், ஓடுபாதைக்கு இணையாகத் தள்ளிப் பறப்போமே ஒழிய அதன் மேல் வர மாட்டோம். அதன் மேல் வர இன்னும் திரும்ப வேண்டும், பிறகு மறுபுறம் சிறிது திருப்பி நேராக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் உயரத்தைத் தின்னும். விமானத்தை 45 பாகை சாய்த்துத் திருப்பினால், இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற வேகம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். பதற்றத்தில் மூக்கை மேலே இழுத்தால் அந்தக் கணமே ஓர் இறக்கை தொய்ந்து விமானம் தலைகீழாகக் கவிழும். அப்படி விழுந்தவர்கள் பிழைப்பது அரிது. அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: தாழ்வாக இருந்தால் திரும்பாதே, முன்னால் என்ன இருக்கிறதோ அதில் இறங்கு.

‘முன்னால் இருப்பதில் இறங்கு’ என்பதற்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் பயிற்சி நூல் அதை விளக்குகிறது. மணிக்கு 50 மைல் வேகத்தில் வரும் விமானம், உள்ளே இருப்பவர் தாங்கக்கூடிய 9 ஜி விசைக்குள் (புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு) நிற்பதற்குச் சீராக வேகம் குறைந்தால் 9.4 அடி தூரம் போதும். 100 மைல் வேகம் என்றால் 37.6 அடி வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. ஆகவே மெதுவாக, கட்டுப்பாட்டோடு, இறக்கைகளையும் சக்கரங்களையும் பலிகொடுத்தாவது இறங்கினால் உயிர் பிழைக்கும். புதர், பயிர், கம்பிவேலி எல்லாமே விமானிக்கு நண்பர்கள். நகரத்தில் அந்தப் புதரின் இடத்தில் இருப்பது யாரோ ஒருவரின் சமையலறை.

இந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் பலித்த ஒரு நாள் உண்டு. வைட்மன் தளத்துக்குத் தெற்கே, கடலுக்கு அருகே சான்டா மோனிகா விமான நிலையம் இருக்கிறது. 2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானமான ரயன் பி.டி.-22ஐ அங்கிருந்து கிளப்பினார். சிறிது நேரத்தில் எஞ்சின் வலுவிழந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு உடனே திரும்ப முயன்றார். ஓடுபாதை வரை எட்டாது என்று தெரிந்ததும், மேற்கே இருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். ஒரு மரத்தின் உச்சியில் உரசி விழுந்தது விமானம். அவருக்குக் கடுமையான காயம். தரையில் ஒருவருக்கும் கீறல் இல்லை.

போக்குவரத்து விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதே ஆண்டு காரணத்தைச் சொன்னது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சிறு திருகு ஒன்று காலப்போக்கில் கழன்று, எஞ்சினுக்குள் அளவுக்கு மீறிப் பெட்ரோல் பாய்ந்திருக்கிறது. தோள்பட்டை வாரும் சரியாகப் பொருத்தப்படாததால் காயம் கூடியது என்றது அறிக்கை. அந்தக் கார்புரேட்டரை நீண்ட கால இடைவெளியில் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதற்கு எழுதிய வழிமுறை எதுவும் கிடையாது. விரல் நுனி அளவுத் திருகு. அவர் மெத்தனமாக இருந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா எஞ்சின் நிறுத்தமும் இப்படி விதிவசத்தால் வருவதில்லை. பெட்ரோல் தீர்ந்துபோவது, இருந்தும் தவறான தொட்டியைத் திறந்து வைத்திருப்பது, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பதைக் கிளம்புமுன் பார்க்காமல் விடுவது, ஈரப்பதம் மிகுந்த நாளில் கார்புரேட்டருக்குள் பனி கட்டுவதைக் கவனிக்காதது ஆகியவை மனிதப் பிழைகள். எரிபொருளைக் கையாள்வதில் நேரும் கோளாறுகளால் மட்டும் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் நடப்பதாக அதே வாரியம் 2017இல் எச்சரித்தது. கார் ஓட்டும் யாரும் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார்கள். வீடுகளின் கூரைக்கு மேல் பறக்கிறவரிடம் குடியிருப்பவர் எதிர்பார்ப்பது அதைவிட அதிகம் இல்லையே.

மறுபடி சான்டா மோனிகாவுக்கு. பென்மார் மைதானத்தில் விமானம் விழுந்தது அது முதல் முறை அல்ல. 2010 ஜூலையில் அங்கே விழுந்த சிறு விமானத்தின் விமானி இறந்தார். 2011 ஆகஸ்டில் தனியாகப் பறந்துகொண்டிருந்த ஒரு பயிற்சி மாணவரின் செஸ்னா, அதே நிலையத்துக்கு அருகே ஒரு வீட்டில் மோதியது. 2013 செப்டம்பர் 29 அன்று தரையிறங்கிய தனியார் ஜெட் ஓடுபாதையை விட்டு விலகி விமானக் கொட்டகையில் மோதித் தீப்பிடித்ததில் அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். அப்போது ஓடுபாதை முனையிலிருந்து மிக அருகிலிருந்த வீடுகள் சுமார் 300 அடி தூரத்தில் இருந்தன. வேகமான ஜெட் விமானங்கள் வரும் ஓடுபாதையின் முனைக்கு அப்பால் 1,000 அடி தடையில்லாச் சமதளம் வேண்டும் என்பது எஃப்.ஏ.ஏ.யின் சொந்தத் தரம்.

இந்த இடத்தில் விமானம் ஓட்டுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று வரும். ‘விமான நிலையம் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா? தெரிந்துதானே வாங்கினீர்கள்?’

வரலாற்றைப் பார்த்தால் பதில் அவ்வளவு எளிதாக இல்லை. சான்டா மோனிகாவில் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே விமானம் இறங்கும் வயல் இருந்தது. அதற்குப் பின்னாளில் குளோவர் ஃபீல்டு என்று பெயர். டக்ளஸ் நிறுவனம் அங்கே வளர்ந்தது. 1924இல் முதன்முறையாக உலகத்தைச் சுற்றிவந்த விமானங்கள் அந்த நிறுவனம் கட்டியவை. பயணிகள் விமானப் போக்குவரத்தையே மாற்றிய டி.சி.-3, 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாக மேலெழுந்ததும் அந்த வயலில்தான். போர்க் காலத்தில் ஆலை பன்மடங்கு பெருகியது. வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போகும் தூரத்தில் வீடு தேடினார்கள். நிலையத்தைச் சுற்றிச் சிறு வீடுகள் முளைத்தன. அங்கே வீடு வந்தது விமானத்தின் அழைப்பின் பேரில். போர் முடிந்தது, பிறகு ஆலையும் போனது. விமானங்களும் வீடுகளும் மட்டும் நெருக்கமாக மிஞ்சின.

பக்கோய்மாவின் கதை இன்னும் கசப்பானது. 1946இல் ஒரு தனியார் விவசாய நிலத்தை விமானத்தளமாக்கினார். 1970இல் கவுண்டி அதை வாங்கியது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில், வெள்ளையர் அல்லாதவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழிவந்தவரும் வீடு வாங்க முடிந்த வெகு சில இடங்களில் ஒன்று பக்கோய்மா. பிறகு அதைச் சுற்றி நெடுஞ்சாலைகள் வந்தன, நடுவே ரயில் தடம், பழைய இரும்புக் கிடங்குகள், தொழிற்கூடங்கள். ‘தெரிந்துதானே வந்தீர்கள்’ என்று இவர்களைக் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. வேறு எங்கே போக விட்டார்கள் அவர்களை?

இப்படி நடக்கும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. நியூ ஜெர்சி மாநிலத்தில் நெவார்க் விமான நிலையத்தை ஒட்டிய எலிசபெத் நகரில், 1951 டிசம்பருக்கும் 1952 பிப்ரவரிக்கும் இடையே இரண்டே மாதங்களுக்குள் மூன்று பயணிகள் விமானங்கள் விழுந்தன. ஊர் கொதித்தெழ, நிலையம் தற்காலிகமாக மூடப்பட்டது. அதிபர் ட்ரூமன், விமானி ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார். 1952 மே மாதம் வந்த அறிக்கை, ஓடுபாதை முனைகளுக்கு அப்பால் கட்டடம் இல்லாத வெற்று நிலம் அரை மைல் தூரத்துக்காவது இருக்க வேண்டும், அதை நிலையத்தின் பகுதியாகவே வைத்திருக்க வேண்டும் என்றது. இன்று ஓடுபாதைப் பாதுகாப்பு மண்டலம் என்று சொல்லப்படுவதன் வேர் அதில் இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அரசின் கையில் இருந்த அறிவு அது.

பெரிய விமான நிலையங்கள் பணம் கொடுத்து அந்த நிலத்தை வாங்கின. சிறு தளங்களுக்கு அந்தப் பணம் இல்லை. ஊராட்சிகளோ மனைகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே போயின. ஓடுபாதையின் நேர் எதிரே கிடங்கும் பள்ளியும் கட்ட ஒப்புக்கொண்ட அதிகாரி ஒருவரும் அதன் கீழ் உறங்கப் போவதில்லை. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியிலும் விமானத்தளத்தைச் சுற்றியுள்ள நிலப் பயன்பாட்டைக் கவனிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று 1967இலிருந்து சட்டம் உண்டு. ஆனால் அந்தக் குழு மறுத்தாலும் நகர்மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதைத் தள்ளிவிடலாம்.

அந்த மாநிலத்தின் போக்குவரத்துத் துறை வெளியிட்ட கையேடு ஒன்று இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. சிறு விமானம் அவசரமாக இறங்கப் பெரிய வயல் தேவையில்லை. 75 அடி அகலமும் 300 அடி நீளமும் உள்ள தடையில்லாத் தரை கிடைத்தால், உள்ளே இருப்பவர் பிழைக்கவும் கீழே இருப்பவர் தப்பவும் நல்ல வாய்ப்புண்டு என்கிறது அது. அரை ஏக்கர்தான். வாகன நிறுத்தம், விளையாட்டுத் திடல், இரு தெருக்களுக்கு இடையே விட்ட பசுமைப் பட்டை எல்லாமே, விளக்குக் கம்பங்களும் மரங்களும் குறுக்கே நிற்காமல் ஓடுபாதைக்கு நேராக அமைந்தால், இதற்கு உதவும். ஓடுபாதை முனையைச் சுற்றி மண்டலங்களாகப் பிரித்து, மிக அருகில் எதுவும் வேண்டாம், அதற்கடுத்து மக்கள் கூடும் கட்டடம் வேண்டாம், பள்ளியும் மருத்துவமனையும் இன்னும் தள்ளி என்று வரைந்து கொடுத்திருக்கிறார்கள். பென்மார் மைதானத்தை யாரும் இதற்காக விட்டுவைக்கவில்லை. கோல்ஃப் ஆட விட்டுவைத்தார்கள், ஓர் உயிர் பிழைத்தது.

அப்படி ஒரு வெற்றிடம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜனவரி 2 சாட்சி. லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே ஃபுல்லர்டன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய, சொந்தமாகக் கட்டிய வகையைச் சேர்ந்த ஆர்.வி.-10 விமானம், உடனே திரும்பி வர முயன்று, அருகே நாற்காலி மேசை செய்யும் ஒரு தொழிற்கூடத்தின் கூரையைப் பிளந்து விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ இருபது பேர் காயமடைந்தார்கள். வானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தையல்காரர்களும் தச்சர்களும்.

ஆபத்தின் அளவை மிகைப்படுத்தவும் கூடாது. அமெரிக்காவில் சிறு விமானங்களின் உயிர்ச்சேத விபத்து, ஒரு லட்சம் பறப்பு மணிநேரத்துக்குச் சுமார் ஒன்று. இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் விமானத்துக்குள் இருப்பவர்கள். தரையில் நிற்பவர் சாவது அரிதினும் அரிது. அதே தெருவில் கார் மோதிச் சாகும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். விமானிகள் இந்த எண்ணைத்தான் நீட்டுகிறார்கள். எண் பொய்யில்லை.

ஆனால் அந்த எண்ணுக்குள் எது அடங்குகிறது என்பதைக் கேட்க வேண்டும். அமெரிக்க விதிப்படி யாராவது இறந்தாலோ, படுகாயம் அடைந்தாலோ, விமானத்துக்குக் கணிசமான சேதம் ஏற்பட்டாலோதான் அது ‘விபத்து’. ஓர் எஞ்சின் பழுது, அது எஞ்சினோடு நின்றால், கணிசமான சேதத்தில் சேராது. சக்கரம் உடைவதும் தரையில் பட்டு விசிறி வளைவதும் சேராது. எஞ்சின் நின்று ஒரு விமானம் உங்கள் தெருவில் இறங்கி, சக்கரம் நொறுங்கி, விமானி தானாக நடந்து வெளியே வந்தால், விபத்துப் பட்டியலில் அது வராமலே போகக்கூடும். ஆனால் தெருக்காரர் மனத்தில் அது அழியாமல் பதிந்துவிடுகிறது. கூட்டங்களில் இரு தரப்பும் ஒருவரையொருவர் பொய்யர் என்று கருதுவதற்கு இது முக்கியமான காரணம்: ஒருவர் பட்டியலைப் பார்க்கிறார், மற்றவர் தெருவைப் பார்க்கிறார்.

இன்னொன்று. ஆபத்தின் அளவை மட்டும் யாரும் எடைபோடுவதில்லை, அதை யார் யார்மேல் சுமத்துகிறார்கள் என்பதையும் பார்க்கிறோம். காரில் ஏறுவது நம் விருப்பம். தலைக்கு மேல் பயிற்சி விமானம் சுற்றுவது நம்மைக் கேட்டு நடப்பதில்லை. அந்தச் சுற்றல் கூடியதற்கும் காரணம் இருக்கிறது. 2009இல் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபின் அமெரிக்கச் சட்டம் மாறியது. 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாவதற்கே பொதுவாக 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். நல்ல நோக்கம்தான். அந்த மணிநேரத்தைச் சேர்க்க இளைஞர்களுக்குக் கிடைக்கும் எளிய வழி, பயிற்றுநராகச் சேர்ந்து சிறு தளங்களைச் சுற்றிச் சுற்றிப் பறப்பது. பயணிகளின் பாதுகாப்புக்காகச் சேர்க்கும் அந்த மணிநேரங்கள் பக்கோய்மா போன்ற ஊர்களின் கூரைகளுக்கு மேல் கழிகின்றன.

விபத்தைவிட மௌனமான ஆபத்து ஒன்றும் உண்டு. அது விமானம் பத்திரமாக இறங்கும் நாளிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. கார்களில் ஈயம் கலந்த பெட்ரோலை அமெரிக்கா எப்போதோ நிறுத்திவிட்டது. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினுக்கு ஊற்றும் பெட்ரோலில் ஈயம் இன்றும் இருக்கிறது. அந்நாட்டில் காற்றில் கலக்கும் ஈயத்தின் மிகப் பெரிய ஊற்று இதுவே. சான் ஹோசே நகரில் உள்ள ரீட்-ஹில்வியூ தளத்தை ஒட்டி வசிக்கும் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து அங்குள்ள கவுண்டி நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. தளத்திலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் கவுண்டி தன் தளங்களில் அந்தப் பெட்ரோலை விற்பதை நிறுத்தியது. இதைப் பற்றி எஃப்.ஏ.ஏ. விசாரணையைத் தொடங்கியது; தவறான பெட்ரோலை ஊற்றி எஞ்சின் நின்றால் என்ன செய்வீர்கள் என்பது விமானிகளின் கேள்வி. அந்தக் கேள்வியும் பொருளுள்ளதே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்த ஈயம் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று முறைப்படி அறிவித்தது 2023 அக்டோபரில்தான். கலிஃபோர்னியா 2031 முதல் விற்பனையைத் தடை செய்யச் சட்டம் இயற்றியிருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் ஓர் ஊர் தன் விமானத்தளத்தை ஏன் மூடிவிட முடிவதில்லை? தளம் ஊருக்குச் சொந்தம், வானம் மத்திய அரசுக்குச் சொந்தம். ஓடுபாதையைச் செப்பனிட ஊர் மத்திய அரசிடம் மானியம் வாங்கினால், கூடவே ஓர் உறுதிமொழியிலும் கையெழுத்திடுகிறது: பொதுவாக இருபது ஆண்டுகள் தளத்தை எல்லா வகை விமானங்களுக்கும் பாகுபாடின்றித் திறந்து வைத்திருப்பேன் என்று. மானியப் பணத்தில் நிலம் வாங்கினால் அந்தக் கடமைக்குக் காலவரம்பே கிடையாது. இரவில் பறக்காதே, இந்த வகை வேண்டாம் என்று சொல்லவும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக நிற்கிறது. சான்டா மோனிகா 2008இல் வேகமான ஜெட் விமானங்களைத் தடை செய்ய முயன்றது. முனையில் பாதுகாப்பு நிலம் இல்லை என்பதுதான் அது காட்டிய காரணம். எஃப்.ஏ.ஏ. எதிர்த்தது, நீதிமன்றமும் எஃப்.ஏ.ஏ. பக்கமே நின்றது.

சான்டா மோனிகா தளரவில்லை. 2014 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, நிலத்தைப் பற்றிய அதிகாரத்தை நகரமே வைத்துக்கொள்ள மக்கள் ஒப்புதல் பெற்றது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு 2017 ஜனவரியில் எஃப்.ஏ.ஏ.வுடன் உடன்பாடு ஏற்பட்டது. 4,973 அடி நீள ஓடுபாதை 3,500 அடியாகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் வெள்ளைக் கோடுகள் அழிக்கப்பட்டன. நீளம் குறைந்ததும் பெரிய ஜெட் விமானங்கள் தாமாகவே விலகின, முனையில் பாதுகாப்புப் பரப்பும் கிடைத்தது. 2028 டிசம்பர் 31க்குப் பிறகு நிலையத்தையே மூடிவிடலாம். 227 ஏக்கர் நிலத்தில் பெரும்பகுதியைப் பூங்காவாக்கத் திட்டமிடுகிறார்கள்.

ஓடுபாதையைக் குறுக்கியது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. திறந்திருப்பது, மூடுவது என்ற இரண்டுக்கும் நடுவே ஊருக்கு ஒரு வழி உண்டு என்பதை அது காட்டியது. சக்தி வாய்ந்த விமானங்களை விலக்கி, முனைகளில் வெற்றிடத்தை மீட்டு, பயிற்சிச் சுற்றுகளுக்கு நேரம் வகுத்து, ஈயமற்ற பெட்ரோலைக் கொண்டுவந்து ஆபத்தைக் குறைக்க முடியும். அதற்கு எஃப்.ஏ.ஏ. முதலிலேயே ஒத்துழைத்திருந்தால் இத்தனை ஆண்டு வழக்கும் இத்தனை மனக்கசப்பும் வந்திருக்காது. ஆனால் வழக்காட வக்கீல்களும் பணமும் வேண்டும். சான்டா மோனிகா கடற்கரையோரச் செல்வந்த நகரம். தனக்கென நகர்மன்றம், தனக்கென வருவாய். பக்கோய்மாவுக்குத் தனி நகர்மன்றம் கிடையாது. அது லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் ஒரு பகுதி. தளமோ கவுண்டியின் சொத்து. மாநகரிடம் போனால் கவுண்டியிடம் போகச் சொல்லலாம், கவுண்டியோ எஃப்.ஏ.ஏ.யைக் கைகாட்டலாம்.

வைட்மன் தளத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். அதை ஒட்டியே கவுண்டித் தீயணைப்புத் துறையின் ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. காட்டுத்தீ மூளும் மாதங்களில் அதன் அருமை அந்த மலையடிவாரத்து மக்களுக்கே தெரியும். தளத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே பறக்கக் கற்று வாழ்க்கை மாறிய உள்ளூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு தளத்தை மூடினால் விமானங்கள் மறைந்துவிடாது, அடுத்த தளத்துக்குப் போகும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கடைசி வாதம் உண்மை என்பதாலேயே எனக்குக் கவலை கூடுகிறது. 2028க்குப் பிறகு சான்டா மோனிகாவில் நிறுத்த இடமில்லாத சிறு விமானங்கள் எங்கே போகும்? லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மிச்சமிருக்கும் தளங்கள் ஹாதோர்ன், வான் நைஸ், வைட்மன் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை.

வைட்மன் ஓடுபாதையின் நீளம் 4,120 அடி. அதன் ஓரமாகவே சான் பெர்னாண்டோ சாலையும் ரயில் தடமும் ஓடுகின்றன, சுற்றிலும் வீடுகள். எழுந்தவுடன் எஞ்சின் நின்றால் விமானி தேடும் அந்த 75 அடிக்கு 300 அடி வெற்றுத் தரை அங்கே எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும், கண் கடைசியில் போய் நிற்பது தண்டவாளத்தில்தான். 2022 ஜனவரி 9 அன்று அந்த விமானியின் கண்ணும் அங்கேதான் போய் நின்றிருக்க வேண்டும்.